வேலை செய்யும் வயதில் நோய் வந்தால்: சிங்கப்பூரின் சுகாதாரப் பணம் யாரிடம், எப்போது போய்ச் சேருகிறது?

பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட மறுநாள் தேக்கா சந்தைப் பக்கம் போனால் பேச்சு பெரும்பாலும் இரண்டு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும். கடைகளில் செலவழிக்க அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு எவ்வளவு வருகிறது, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் யாருக்கு எவ்வளவு போடுகிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களிடம் பதில் தயாராக இருக்கும். 45, 50 வயதில், மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் துப்புரவு வேலையோ காவல் வேலையோ பார்ப்பவரைக் கேட்டால், "நமக்கெல்லாம் என்ன இருக்கு?" என்பார். அவருக்கும் இருக்கிறது. கணிசமாகவே இருக்கிறது. ஆனாலும் அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசாங்கத்தின் பணம் எந்தக் கட்டத்தில் அவர் கைக்கு எட்டுகிறது என்று பார்த்தால் அந்தக் காரணம் புரிந்துவிடும்.

முதலில் தொகையைப் பார்ப்போம். 2015ஆம் நிதியாண்டில் சுகாதார அமைச்சின் செலவு ஏறத்தாழ 9 பில்லியன் வெள்ளி. 2025ஆம் நிதியாண்டுக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 20.9 பில்லியன். பத்தாண்டில் இரண்டு மடங்குக்கும் மேல். தற்காப்புக்கு அடுத்தபடியாக அதிகம் செலவு செய்யும் அமைச்சு இதுதான், கல்வியையும் முந்திவிட்டது. அரசாங்கத்தின் மொத்தச் செலவில் ஆறில் ஒரு பங்கு இங்கே போகிறது. 2030 வாக்கில் இது 30 பில்லியனை எட்டக்கூடும் என்று சுகாதார அமைச்சர் ஓங் யி காங் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டில் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு மிகையாகத் தெரியாது. செங்காங் மருத்துவமனை 2018இல் வந்தது, உட்லண்ட்ஸில் 2024இல் ஒன்று வந்தது. புதிய கட்டடம் ஒருமுறைச் செலவு. அதில் வேலை செய்யும் தாதியருக்குச் சம்பளம் ஒவ்வொரு மாதமும் போக வேண்டும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் குறைந்த வருமானக்காரர் இதில் பெறுபவர் மட்டும் இல்லை, கொடுப்பவரும் கூட. சிங்கப்பூரில் ஓர் அரசாங்கம் தன் தவணைக்காலத்துக்குள் வரவுக்குள் செலவை அடக்க வேண்டும். முந்தைய தவணைக்காலங்களில் சேர்ந்த இருப்பைத் தொட அதிபரின் ஒப்புதல் வேண்டும். அந்த இருப்பை முதலீடு செய்து வரும் நீண்டகால எதிர்பார்ப்பு வருவாயில் பாதி வரை ஆண்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். அது பெரிய கை. ஆனாலும் போதவில்லை என்றுதான் பொருள் சேவை வரியான ஜிஎஸ்டி 2023 ஜனவரியில் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரியில் 9 ஆகவும் உயர்ந்தது. மூத்தோர் பராமரிப்பும் சுகாதாரச் செலவும்தான் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. அரசாங்க மருத்துவமனையிலும் பலதுறை மருந்தகத்திலும் மானியம் பெறும் நோயாளிகளின் ஜிஎஸ்டியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அரிசி, பால், கைப்பேசிக் கட்டணம் என்று மற்ற எல்லாவற்றுக்கும் அந்தக் காவலாளியும் 9 விழுக்காடு கட்டுகிறார். வரி உயர்வின் சுமையைக் குறைக்க ரொக்கமும் பற்றுச்சீட்டும் தனியாகத் தரப்படுகின்றன என்பதும் உண்மை. ஆக, அவர் இந்தத் திட்டத்தில் பங்குதாரர். கேள்வி கேட்க உரிமை உள்ளவர்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததும் இல்லை. வெளிநோயாளிகளுக்கு இலவசமாக இருந்த அரசாங்க மருந்தகங்களில் 1960இல் வருகைக்கு 50 காசு வசூலிக்கத் தொடங்கினார்கள். முழு இலவசம் என்ற பாதை அங்கேயே கைவிடப்பட்டது என்று சொல்லலாம். 1984இல் மெடிசேவ் வந்தது: சம்பளத்தில் ஒரு பகுதி மசேநி (மத்திய சேமநிதி) வழியாக மருத்துவத்துக்கென்று ஒதுங்கும். 1990இல் பெரிய பில்லுக்கான காப்பீடு, மெடிஷீல்டு. 1993இல் மெடிஃபண்ட், 200 மில்லியன் வெள்ளி முதலோடு. முதலைத் தொடாமல் அதன் வருமானத்திலிருந்து, வேறு வழியே இல்லாதவர்களின் பில்லை அடைப்பதுதான் அதன் வேலை. இந்த மூன்றுக்கும் முன்னால் நிற்பது அரசாங்க மானியம்.

2015 நவம்பர் 1ஆம் தேதி நடந்ததுதான் என் பார்வையில் பெரிய திருப்பம். அன்றுதான் மெடிஷீல்டு லைஃப் தொடங்கியது. பழைய மெடிஷீல்டில் ஏற்கெனவே நோய் உள்ளவர்களை ஒதுக்கிவைக்க முடியும்; வயது வரம்பும் இருந்தது. புதிய திட்டம் எல்லாக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும், இருக்கும் நோயோடு, ஆயுள் முழுவதற்கும் சேர்த்துக்கொண்டது. சந்தா கட்ட முடியவில்லை என்பதற்காக யாரும் வெளியே போக வேண்டியதில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சந்தாவில் மானியம் உண்டு. அதற்கும் வழியில்லாதவர்களுக்குக் கூடுதல் உதவி இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து மூன்றாண்டில் சந்தா சராசரியாக 35 விழுக்காடு ஏறுகிறது. அதைத் தாங்கிக்கொள்ள 4.1 பில்லியன் வெள்ளி ஆதரவும் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் குறைந்த வருமானப் பெரியவர்களுக்கு அரசாங்கக் காப்பீட்டை விரிவுபடுத்தலாமா என்று 2010க்குப் பிறகு மாநிலம் மாநிலமாகச் சண்டை நடந்தது. சில மாநிலங்கள் இன்னும் சேரவில்லை. இங்கே அந்தக் கேள்வி, குறைந்தபட்சம் மருத்துவமனைப் படுக்கையைப் பொறுத்தவரை, 2015லேயே முடிந்துவிட்டது. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பிரிக்காமல் எல்லாரையும் உள்ளே எடுத்தது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, அப்படியானால் அந்த நடுவயதுக்காரருக்கு என்ன குறை?

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் பெரிய அறிவிப்புகளை வரிசையாகப் பாருங்கள். 2014இல் முன்னோடித் தலைமுறைக்கு 8 பில்லியன் வெள்ளி நிதி. 1949 அல்லது அதற்கு முன் பிறந்தவர்களுக்கு. 2019இல் மெர்டேக்கா தலைமுறைக்கு 6.1 பில்லியன். 1950களில் பிறந்தவர்களுக்கு. ஆண்டுதோறும் வரும் ஜிஎஸ்டி பற்றுச்சீட்டின் மெடிசேவ் பகுதி 65 வயதும் அதற்கு மேலும். ஜிஎஸ்டி உயர்வுக்காகத் தந்த உறுதித் தொகுப்பில் மெடிசேவ் நிரப்புத்தொகை 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 55 வயதைத் தாண்டியவர்களுக்கும். 2024இல் அறிவித்த மெடிசேவ் போனஸில், 1973 அல்லது அதற்கு முன் பிறந்தவர்களுக்கு 750 அல்லது 1,500 வெள்ளி. 1974இலும் அதற்குப் பிறகும் பிறந்த பெரியவர்களுக்கு அதிகபட்சம் 300 வெள்ளி.

ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. மெடிசேவ் தொடங்கும்போதே பாதி வாழ்க்கையை உழைத்து முடித்தவர்களுக்குச் சேமிப்பு இருக்க முடியாது. அவர்களுக்குக் கொடுத்தது கடன் தீர்த்தது மாதிரி. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறது. 21இலிருந்து 54 வரை. இந்த வயதில் மனிதர் உழைப்பார், சம்பாதிப்பார், மசேநியில் பணம் ஏறிக்கொண்டே இருக்கும் என்ற எண்ணத்தில் திட்டங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலோருக்கு அது சரி. ஆனால் சம்பளத்தில் 8 முதல் 10.5 விழுக்காடுதான் மெடிசேவுக்குப் போகும். 2,000 வெள்ளியில் அது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதிலிருந்துதான் மெடிஷீல்டு லைஃப் சந்தா, மனைவியின் பிரசவம், அப்பாவின் கண்புரை அறுவை எல்லாம் போக வேண்டும்.

நடுவயதுக்காரருக்கு வயதைப் பார்த்து எதுவும் வராது என்றால், அவருக்கு வருவது வருமானத்தைப் பார்த்துத்தான். அந்த வருமானம் அவருடையது இல்லை, குடும்பத்துடையது. தனியார் மருந்தகத்தில் மானியம் பெற்றுத் தரும் சாஸ் அட்டை நீலமா, ஆரஞ்சா, பச்சையா என்பதை முடிவு செய்வது தலைக்கு எவ்வளவு வருமானம் என்ற கணக்கு. ஒரே முகவரியில் வாழும் குடும்பத்தாரின் மொத்தச் சம்பளத்தைக் கூட்டி, தலை எண்ணிக்கையால் வகுப்பார்கள். 2025 அக்டோபரிலிருந்து 1,500 வெள்ளி வரை நீலம், 2,300 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் பச்சை. முன்பு இந்த எல்லைகள் 1,200, 2,000 என்று இருந்தன, உயர்த்தியது நல்லது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். ஈசூனில் மூவறை வீடு. அப்பாவுக்கு 52 வயது, கிடங்கு வேலை, 2,700 வெள்ளி. அம்மா பகுதிநேரத் துப்புரவு வேலையில் 1,100. மகன் படிக்கிறான், மகள் உயர்நிலைப் பள்ளியில். மொத்தம் 3,800, தலைக்கு 950. நீல அட்டை. அப்பாவுக்கு நீரிழிவும் ரத்த அழுத்தமும் சேர்ந்து இருப்பதால், வீட்டுக்கு அருகில் உள்ள தனியார் மருந்தகத்தில் நாட்பட்ட நோய்க்கு வருகைக்கு 125 வெள்ளி வரை, ஆண்டுக்கு 500 வரை மானியம். சளி, காய்ச்சல் என்று போனாலும் 18.50 வரை கழியும்.

மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறான். 2,600 வெள்ளி. வீட்டில் சந்தோஷம். மொத்தம் 6,400, தலைக்கு 1,600. அடுத்த மறுமதிப்பீட்டில் அட்டை ஆரஞ்சாக மாறும். அப்பாவின் மானியம் வருகைக்கு 80, ஆண்டுக்கு 320 ஆகக் குறையும். சளிக்கு 10. அப்பாவின் சர்க்கரை அளவு மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை. மகன் கல்யாணம் ஆகித் தனி வீட்டுக்குப் போனதும் மொத்தம் மறுபடி 3,800, மூன்று தலைக்குச் சுமார் 1,267. திரும்பவும் நீலம்.

குடும்பம் ஒருவரை ஒருவர் தாங்க வேண்டும் என்ற எண்ணம்தான் இந்தக் கணக்கின் அடிப்படை. தமிழ்க் குடும்பத்தில் அது அந்நியமான எண்ணமும் இல்லை. பிள்ளையின் மெடிசேவிலிருந்து அப்பாவின் பில்லைக் கட்டச் சட்டம் இடம் தருகிறது, நிறையப் பேர் கட்டுகிறார்கள். எனக்கு இருக்கும் நெருடல் வேறு. கணக்கில் எடுப்பது மொத்தச் சம்பளம். அதில் ஊழியர் பங்காக மசேநிக்குப் போகும் 20 விழுக்காடு கைக்கே வராது. மகன் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு முன்பணமும் கல்யாணச் செலவும் சேர்த்துக்கொண்டிருக்கும் 25 வயதுப் பையனின் சம்பளம் முழுவதும் அப்பாவின் நீரிழிவுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது ஏட்டுக் கணக்கு. இந்த நெருடலை அப்பாமார்கள் தாங்களே தீர்த்துக்கொள்ளும் விதம்தான் கவலையைத் தருகிறது. "பிள்ளை காசைத் தொடக்கூடாது" என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டிய மருந்தகத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவார்கள்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் படிவம் நிரப்ப உதவும் தொண்டூழியர்களோடு நான் உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை, ஓர் அக்கா பிளாஸ்டிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே சம்பளச் சீட்டுகள், மகனின் வேலை ஒப்பந்த நகல், மருந்தகத்தின் ரசீதுகள், பிரித்தும் பிரிக்காமலும் அரசாங்கக் கடிதங்கள். மருந்து அட்டையில் இரவு மாத்திரையின் வரிசை அப்படியே இருந்தது. காலை மாத்திரை மட்டும் தீர்ந்திருந்தது. "ராத்திரி வேலைக்குப் போறவருக்கு எது ராத்திரி மாத்திரை தம்பி?" என்று கேட்டார். கணவருக்காக வந்திருந்தார். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒரு மருத்துவர். அந்த மருத்துவரைப் பார்க்கத்தான் கணவருக்கு நேரம் இல்லை. பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு காலை, முடிவைக் கேட்க இன்னொரு காலை. 12 மணி நேர வேலைமுறையில் இருப்பவருக்கு ஒரு காலை என்பது தூக்கம், இரண்டு காலை என்பது சம்பளம். மானியத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தச் செலவு பில்லில் வராது.

இப்போது மருத்துவமனைப் பில்லுக்கு வருவோம். சி பிரிவுப் படுக்கையில் மானியத்துக்கு முன் 12,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 80 விழுக்காடு வரை மானியம் உண்டு. 9,600 அங்கேயே போய்விடும். மீதி 2,400. மெடிஷீல்டு லைஃப் இதில் முழுவதையும் எடுத்துக்கொள்ளாது. ஒவ்வொரு ஆண்டும் முதல் பகுதியை நோயாளியே ஏற்க வேண்டும். அதற்கு மேல் வருவதிலும் ஒரு சிறு விழுக்காடு அவருடையது. இந்த அளவு பில்லில் 2,400இன் பெரும்பகுதி அந்த முதல் பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். அதை மெடிசேவிலிருந்து கட்டலாம், மெடிசேவில் இருந்தால். இல்லையென்றால் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கச் சொல்வார்கள். அவர் வழியாக மெடிஃபண்ட் வரும். பில் ஒரு லட்சத்தைத் தாண்டினால் காப்பீடு பிரமாதமாகக் கைகொடுக்கும். ஆண்டு உச்சவரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 2 லட்சம் வெள்ளி.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான்: நோய் பெரிதாகப் பெரிதாக அரசாங்கத்தின் கை நீளமாகிறது. ஆரம்பத்தில், மாதம் 40, 50 வெள்ளி மருந்துச் செலவில் நிற்கும்போது, அந்தக் கை குட்டையாக இருக்கிறது. பணக்காரருக்கு இந்த ஏற்பாடு பொருத்தம். சின்னச் செலவை அவர் பார்த்துக்கொள்வார். சின்னச் செலவிலேயே தடுமாறுகிற குடும்பத்துக்கு இது தலைகீழ். தமிழர்களுக்கு இது இன்னும் உறைக்க வேண்டும். நீரிழிவு சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம் என்பது ஒவ்வொரு தேசியச் சுகாதார ஆய்விலும் திரும்பத் திரும்ப வரும் செய்தி. புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூன்றில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு என்று ஆகிவிட்டால் காவல் வேலையில் யார் வைத்துக்கொள்வார்கள்? அந்தக் கட்டத்தில் மானியமும் காப்பீடும் தொண்டு அமைப்புகளும் நிச்சயம் உதவிக்கு வரும். சம்பளம்தான் திரும்பி வராது.

இதைச் சுகாதார அமைச்சு உணராமல் இல்லை. 2016இல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று அறிவித்தார்கள். 2017இல் பரிசோதனைக் கட்டணத்தை சாஸ் அட்டைதாரர்களுக்கு 2 வெள்ளி ஆக்கினார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம்தான் பணத்தின் திசையையே மாற்றப் பார்க்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துச் சேரலாம். முதல் ஆலோசனை முழு மானியத்தில். பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் இலவசம். நாட்பட்ட நோய்க்கு மெடிசேவைப் பயன்படுத்தும்போது 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றிருந்ததை, தான் சேர்ந்த மருந்தகத்தில் கட்ட வேண்டியதில்லை என்று எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து நீல, ஆரஞ்சு அட்டைதாரர்கள் பல மருந்துகளைப் பலதுறை மருந்தக விலைக்கு ஒப்பான விலையில் தனியார் குடும்ப மருத்துவரிடமே வாங்கலாம். இரவு வேலைக்காரருக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிய உதவி. காப்பிக்கடை எதிரில் இருக்கும் மருந்தகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும்.

இதைவிடப் பெரிய மாற்றம் வெளியே தெரியாமல் நடந்தது. முன்பெல்லாம் மருத்துவமனைக் குழுமங்களுக்கு எவ்வளவு சிகிச்சை செய்தார்களோ அதை வைத்துப் பணம் வரும். அறுவை கூடினால் வரவும் கூடும். இப்போது மூன்று குழுமங்களுக்கும் வட்டாரவாசிகளின் தலை எண்ணிக்கையை வைத்துப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறுகிறார்கள். கிழக்கில் சிங்ஹெல்த், மேற்கில் தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் குழுமம், மத்தியிலும் வடக்கிலும் தேசியச் சுகாதாரக் குழுமம். வட்டாரத்தில் ஒருவர் மருத்துவமனைக்கு வராமலே நலமாக இருந்தால் குழுமத்துக்குப் பணம் மிச்சம். அப்போதுதான் அந்த இரவு மாத்திரையைப் பற்றிக் கவலைப்பட ஒரு நிறுவனத்துக்குக் காரணம் கிடைக்கும். ஹெல்தியர் எஸ்ஜியைத் தொடங்க மூன்றாண்டில் 1 பில்லியன் வெள்ளிக்கு மேல், அப்புறம் ஆண்டுக்கு 400 மில்லியன் என்று 2022 வெள்ளை அறிக்கையில் போட்டிருந்தார்கள். 20.9 பில்லியனோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. எனக்கு இதில் நிறைய நம்பிக்கை இருக்கிறது, அதனால்தான் இன்னும் தாராளமாக ஒதுக்க வேண்டும் என்கிறேன். பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். சேர்ந்த பிறகு எத்தனை பேர் இரண்டாவது முறை மருத்துவரைப் பார்க்கிறார்கள், அதில் நீல அட்டைக்காரர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் இனி நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

நம்மில் சிலர் தமிழ்நாட்டை ஒப்பிடுவார்கள். அங்கே அரசு மருத்துவமனையில் இலவசம், முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்பார்கள். வரிசையையும் படுக்கை நெருக்கடியையும் பார்த்தவர்கள் அந்த ஒப்பீட்டை அவ்வளவு எளிதில் செய்ய மாட்டார்கள். ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளைச் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறார்கள். நோயாளி வரவில்லையா, மருந்து போகட்டும் என்ற எண்ணம். புளோக்குக்குப் புளோக் மின்தூக்கி உள்ள இந்த ஊரில் இது முடியாத காரியம் இல்லை.

இதுவரை பேசியதெல்லாம் குடிமக்களைப் பற்றி; சந்தாவைப் பொறுத்தவரை நிரந்தரவாசிகளையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தமிழ் பேசிக்கொண்டு நடப்பவர்களில் பெரும்பகுதியினர் இந்த இரண்டுக்குள்ளும் வரமாட்டார்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு அரசாங்க மானியம் கிடையாது, சாஸ் கிடையாது, மெடிஷீல்டு லைஃப் கிடையாது. அவர்களுடைய மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீட்டின் ஆண்டு வரம்பு வெகுகாலம் 15,000 வெள்ளியாக இருந்தது. மானியமில்லாத பில்லுக்கு அது எந்த மூலைக்கு? 2023 ஜூலையிலிருந்து 60,000 ஆக்கினார்கள். முதல் 15,000 முழுவதும் காப்பீடு. அதற்கு மேல் நான்கில் ஒரு பங்கு முதலாளி. 2022 ஏப்ரலிலிருந்து தங்குவிடுதிகளில் உள்ளவர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் துறைகளில் வேலை செய்பவர்களுக்கும் அடிப்படைச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை முதலாளி வாங்கித் தர வேண்டும். கொவிட் காலத்தில் விடுதிகளில் நடந்ததற்குப் பிறகு வந்த மாற்றங்கள் இவை. தாமதமாக வந்தாலும் பெரிய மாற்றங்கள்தான்.

ஆனால் அங்கேயும் இதே கோளாறு. விபத்து நடந்தால், அறுவை வேண்டும் என்றால், வழி இருக்கிறது. 38 வயதில் சர்க்கரை ஏறத் தொடங்கியவருக்கு, அதை முதலாளியிடம் சொன்னால் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்காமல் ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயம் எத்தனை பேர் விஷயத்தில் உண்மையாகிறது என்பதைவிட, அந்தப் பயத்தால் எத்தனை பேர் பரிசோதனைக்கே போகாமல் இருக்கிறார்கள் என்பதுதான் பொதுச் சுகாதாரத்துக்கு முக்கியம். நாட்பட்ட நோயைக் காரணம் காட்டி, வேலை செய்யும் உடல்தகுதி உள்ளவரின் சீட்டைப் புதுப்பிக்காமல் விடுவதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். அது இல்லாமல் எந்தத் திட்டமும் அவர்களிடம் ஆரம்பக் கட்டத்தில் போய்ச் சேராது.

குடிமக்களுக்குத் திரும்பினால், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் நான் பார்க்க விரும்புவது இரண்டு. ஒன்று, சாஸ் அட்டையை விண்ணப்பம் கேட்காமல் தருவது. மருத்துவமனைப் படுக்கைக்கான மானியத்தை அரசாங்கம் தன்னிடம் உள்ள வருமானத் தகவலை வைத்துத் தானே கணக்கிடுகிறது. அதே தகவல், அதே குடும்பம், ஆனால் தொடங்கிய காலத்திலிருந்து சாஸ் அட்டை கேட்டுப் பெறும் அட்டையாக இருந்து வந்திருக்கிறது. அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கில் நுழையத் தெரியாதவரும் ஆங்கிலக் கடிதத்தைப் பிரிக்கப் பயப்படுபவரும்தான் இதில் விடுபடுகிறார்கள்.

இரண்டாவது, மெடிசேவை நிரப்பும் வயதை இறக்குவது. 2026இலிருந்து 2030 வரை ஒரு முன்னோட்டம் நடக்கிறது: 55 முதல் 70 வயதுக்குள் இருந்து, மெடிசேவில் குறைவாக வைத்திருப்பவர்கள் ஒரு வெள்ளி போட்டால் அரசாங்கமும் ஒரு வெள்ளி போடும், ஆண்டுக்கு 1,000 வரை. நல்ல திட்டம். ஆனால் போடுவதற்கு அந்த ஒரு வெள்ளி கையில் இருக்க வேண்டும், 55 வயது வரை காத்திருக்கவும் வேண்டும். நீல அட்டை வைத்திருப்பவர்களுக்கு, அவர்கள் எதுவும் போடாமலேயே ஒரு சிறு தொகையை 40 வயதிலிருந்து ஆண்டுதோறும் போட்டால் என்ன? ஹெல்தியர் எஸ்ஜியின் வாசல் ஏற்கெனவே 40 வயதில் திறக்கிறது. அந்த வயதில் கண்டுபிடிக்கப்படும் நீரிழிவுக்கு மருந்து வாங்கும் பணமும் அதே வயதில் மெடிசேவில் இருந்தால், இரண்டு திட்டங்களும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். முன்னோட்டம் 2030இல் மறுபரிசீலனைக்கு வரும்போது வயது வரம்பைத்தான் முதலில் எடுத்துப் பேச வேண்டும்.